வெட்கத்தை யார் படிப்பித்தது? – அவிச்ச வத்தாளங்கிழங்கின் கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. அஸருக்குப் பிறகு ஒரு பிளேன்டீயோடு ஆறுதலாக வாசியுங்கள்.

2022 ஆம் ஆண்டை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எரிவாயு சிலிண்டருக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. அந்த நாட்களில் ஒரு காலை, இடைவேளைக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டிகளைத் திறந்தார்கள். ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று மட்டும் பெட்டியை மடியில் வைத்து, மூடியைக் கொஞ்சமாகத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாப்பிட்டது. உள்ளே இருந்தது இரண்டு துண்டு அவிச்ச வத்தாளங்கிழங்கும் கொஞ்சம் தேங்காய்ப்பூவும்.

ஆசிரியர்களாகிய எங்களில் ஒருவர் பகிடியாக, "என்ன, வீட்டில அரிசி முடிஞ்சா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அடுத்த இரண்டு நாளும் அந்தப் பிள்ளை பெட்டியே கொண்டு வரவில்லை. பசியோடு இருந்தது. மூன்றாம் நாள்தான் எங்களுக்கு விளங்கியது, நாங்கள் என்ன செய்தோம் என்று.

அதற்குப் பிறகுதான் இந்தக் கிழங்கின் கதையைத் தேடத் தொடங்கினோம். தேடியதில் கிடைத்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

*பெயரில் இருக்கும் பயணம்*

நாம் வத்தாளங்கிழங்கு என்கிறோம். புத்தகத்தில் வற்றாளை என்று எழுதுகிறோம். சிங்களத்தில் பத்தல. தமிழ்நாட்டில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு.

இந்தக் கிழங்கு நம் மண்ணில் பிறந்ததல்ல. அதன் தாய்வீடு அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்கள் இதை 'பத்தாத்தா' என்றார்கள். 1492 இல் கொலம்பஸ் அங்கே போய் இறங்கிய பிறகு ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் கிழங்கையும் பெயரையும் சேர்த்தே கப்பலில் ஏற்றினார்கள். ஆங்கிலேயர் உருளைக்கிழங்குக்குச் சொல்லும் 'பொட்டேட்டோ' என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். பத்தாத்தா, பத்தல, வத்தாளை என்று மூன்றையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். 1505 இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயரின் குரல் உங்கள் சமையலறையில் கேட்கும். அவர்களை நம் முன்னோர் எதிர்த்தார்கள், அவர்களால் கரையோரத்திலிருந்து விரட்டவும்பட்டார்கள். ஆனால் அவர்கள் வழியாக வந்த மிளகாயும் அன்னாசியும் கொய்யாவும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டன.

'சர்க்கரைவள்ளி' என்ற பெயருக்குள்ளும் ஒரு கதை உண்டு. வள்ளிக்கிழங்கு என்பது நம் மலைகளில் ஆதியிலிருந்தே விளைந்த வேறொரு கொடிக்கிழங்கு. பாரியின் பறம்பு மலையில் உழவர் உழாமலேயே விளையும் நான்கு பொருட்களைக் கபிலர் புறநானூற்றில் சொல்கிறார். மூங்கில் நெல், பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக்கிழங்கும் அதில் ஒன்று. அது இந்த இனிப்புக் கிழங்கல்ல. பின்னால் வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரரின் பெயரையே வைத்து, இனிப்பாக இருந்ததால் 'சர்க்கரை' என்று முன்னால் சேர்த்துக்கொண்டார்கள்.

*பஞ்சத்தில் கைகொடுத்த கிழங்கு*

இந்தக் கிழங்கு போன இடமெல்லாம் பசிக்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1593 இல் சென் சென்லொங் என்ற சீன வணிகர் பிலிப்பைன்ஸின் லூசோன் தீவிலிருந்து இதன் கொடியைத் தன் ஊரான பூஜியனுக்குக் கொண்டுபோனார். அடுத்த ஆண்டே அங்கு பஞ்சம். அந்த மாகாண ஆளுநர் எல்லோரையும் இதை நடச் சொன்னார். ஜப்பானில் 1732 இல் பெரும் பஞ்சம் வந்தபோது, கிழங்கு பயிரிட்ட பகுதிகள் தாக்குப்பிடித்ததைப் பார்த்து, அஓகி கொன்யோ என்ற அறிஞர் 1735 இல் எதோவில் இதை நட்டுப் பரப்பினார். அவரை இன்றும் 'கிழங்கு ஆசான்' என்றே அங்கு நினைவுகூர்கிறார்கள். ஒரு நாடு தன் படித்த மனிதரைக் கிழங்கின் பெயரால் மதிப்போடு அழைக்கிறது. நாம் கிழங்கு கொண்டுவந்த பிள்ளையைப் பார்த்துச் சிரித்தோம்.

*எங்கள் ஊர்களில் 1942*

இனி நம் கதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்கு முன் இலங்கை சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு வெளியிலிருந்து, முக்கியமாகப் பர்மாவிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை றங்கூனைப் பிடித்தது. அதோடு அரிசிக் கப்பல் நின்றது. ஏப்ரல் 5 இல் கொழும்பிலும் ஏப்ரல் 9 இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. அரிசிக்குக் கூப்பன் வந்தது, சங்கக்கடைகள் நாடெங்கும் பெருகின. கைக்கு எட்டிய காணியிலெல்லாம் உணவுப் பயிர் நடும்படி அரசாங்கம் சொன்னது.

அந்தக் காலத்தில் சிறுமியாக இருந்த ஒரு மூத்தம்மாவிடம் போய் இருந்து கேட்டோம். பாயில் சாய்ந்தபடி சொன்னார்:

"கூப்பன் அரிசி வந்த நாள் சோறு. வராத நாள் கெழங்கு. கடக்கரப் பக்கத்து மணல்ல வத்தாளங்கொடி வெச்சா தானா ஓடும். உம்மா ஒரு பானை அவிச்சி நடுவுல வெப்பா. சுத்தி இருந்து திம்போம்."

"வெட்கமாக இருக்கவில்லையா மூத்தம்மா?" என்று கேட்டோம்.

எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வெக்கமா? அத எங்களுக்கு ஆரும் படிச்சித் தரல்ல மகன்," என்றார்.

படிப்பிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் நாங்கள். அந்தச் சொல் எங்களுக்கு நேராக வந்து விழுந்தது.

அதற்குப் பிறகும் கிழங்கு பலமுறை திரும்பி வந்தது. 1953 இல் கூப்பன் அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றியபோது, ஓகஸ்ட் 12 இல் நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமரே பதவி விலக வேண்டி வந்தது. அரிசி இந்த நாட்டில் எவ்வளவு பெரிய விடயம் என்பதற்கு அது போதும். 1970 களின் முற்பகுதியில் உலகச் சந்தையில் உணவு விலை ஏறி, அரிசியும் மாவும் தட்டுப்பாடாகி, பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை நின்றதை எங்கள் வாப்பாமார் இன்றும் சொல்வார்கள். மரவள்ளியும் வத்தாளையும்தான் அப்போது வீட்டைத் தாங்கின. 1978 நவம்பர் 23 சூறாவளி கிழக்கில் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது, மண்ணுக்குள் இருந்த கிழங்கைக் காற்றால் பிடுங்க முடியவில்லை.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டு, விளைச்சல் விழுந்து, 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தையும் தாண்டியது. எண்பது ஆண்டுக்குப் பிறகு மறுபடியும் அதே பானை, அதே விறகடுப்பு, அதே கிழங்கு. அந்தப் பிள்ளையின் உம்மா செய்தது புதிதல்ல. அவளுடைய மூத்தம்மா செய்ததைத்தான் அவளும் செய்தாள். நடுவில் ஒன்று மட்டும் மாறியிருந்தது. கிழங்கு ஏழைகளின் சாப்பாடு என்ற எண்ணத்தை நாம் எங்கிருந்தோ வாங்கி வைத்திருந்தோம்.

*எப்படி அவிப்பது?*

"கிழங்கு அவிக்கவும் பாடமா?" என்று சிலர் கேட்பீர்கள். ஆம். எங்கள் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது. நாங்களும் பாதி மறந்துவிட்டோம். மூத்தம்மாமாரிடம் கேட்டும், வீட்டில் செய்து பார்த்தும் எழுதுகிறோம்.

வாங்கும்போது கெட்டியான, ஓட்டையில்லாத கிழங்காகப் பாருங்கள். வாரியப்பொல சிவப்பு, வாரியப்பொல வெள்ளை என்று விவசாயத் திணைக்களம் வெளியிட்ட இனங்களும் உண்டு, ஊர்க் கிழங்கும் உண்டு. எதுவானாலும் நடுத்தர அளவில், ஒரே பருமனில் எடுங்கள். புழு துளைத்துக் கறுத்த கிழங்கு கசக்கும். கசந்தால் முழுவதையும் வீசிவிடுங்கள். அந்தக் கசப்பு நஞ்சு, அவித்தாலும் போகாது. பச்சைக் கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டாம், நடுப்பகுதி கட்டியாகிவிடும். காற்றுப் படும் நிழலில் சில நாள் கிடந்தால் இன்னும் இனிக்கும்.

மண் போகக் கழுவுங்கள். தோலைச் சீவ வேண்டாம். சீவினால் இனிப்பும் சத்தும் தண்ணீரோடு போகும். பெரிய கிழங்கை மட்டும் இரண்டாக வெட்டலாம்.

பானையில் கிழங்கை அடுக்கி, மூழ்கும் அளவுக்குப் பச்சைத் தண்ணீர் விட்டு, ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போடுங்கள். கொதிக்கும் தண்ணீரில் போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்ற வேண்டும். மூத்தம்மாமார் விறகடுப்பில் இதைத்தான் செய்தார்கள். காரணம் எங்கள் விஞ்ஞானப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. கிழங்கிலுள்ள அமிலேசு என்ற நொதியம் மாப்பொருளை மோல்ற்றோசு என்ற வெல்லமாக மாற்றுகிறது. அது நன்றாக வேலை செய்வது ஏறக்குறைய 60 முதல் 75 பாகை வரையான சூட்டில். அதற்கு மேலே போகப் போக நொதியம் அழிந்துவிடும். அந்தச் சூட்டைக் கிழங்கு எவ்வளவு மெதுவாகக் கடக்கிறதோ, அவ்வளவு இனிப்பு.

பானையை நன்றாக மூடுங்கள். மேலே ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு மூடினால் வாசமும் வரும். இதில் மரவள்ளியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மரவள்ளியில் சயனைட்டு இருக்கிறது. அதைத் தோல் நீக்கி, திறந்த பானையில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். வத்தாளையில் அந்தப் பயம் இல்லை.

கொதி வந்ததும் நெருப்பைக் குறையுங்கள். நடுத்தரக் கிழங்குக்கு 25 முதல் 30 நிமிடம் போதும். ஈர்க்கால் குத்திப் பாருங்கள். தடங்கல் இல்லாமல் நடுவரை போனால் அவிந்துவிட்டது. தண்ணீரை முழுக்க வடித்து, பானையை மூடி, தணல் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். ஈரம் வற்றி, தோல் சுருங்கி, உள்ளே மாவாக இருக்கும்.

தோலை உரித்துத் தேங்காய்ப்பூவோடு சாப்பிடலாம். உறைப்பு வேண்டுமென்றால் கட்டசம்பல். செம்மஞ்சள் நிறக் கிழங்கில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் பீற்றா கரோட்டின் நிறைய உண்டு. அது உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், தேங்காய் அதற்கும் உதவும். சீனி வருத்தம் உள்ளவர்கள் சுட்ட கிழங்கைவிட அவித்த கிழங்கைச் சாப்பிடுவது நல்லது, அதையும் சோற்றுக்குப் பதிலாக, அளவோடு. சோற்றோடு சேர்த்து அல்ல.

*கடைசியாக*

அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த வாரம் நாங்கள் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பானை கிழங்கு அவித்து வகுப்புக்குக் கொண்டுபோனோம். 1942 இன் கதையைச் சொன்னோம். பகிடி விட்டவர் வகுப்புக்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு துண்டு எடுத்தார்கள். அந்தப் பிள்ளையும் எடுத்தது. ஆனால் அந்த ஆண்டு முடியும்வரை அது தன் பெட்டியில் கிழங்கு கொண்டு வரவே இல்லை. ஒரு நிமிடத்தில் படிப்பித்த வெட்கத்தை ஒரு வருடத்தில் எங்களால் அழிக்க முடியவில்லை.

ஆகவே உறவுகளே, ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு நாள் வீட்டில் கிழங்கு அவியுங்கள். வசதி உள்ளவர்கள் முதலில் அவியுங்கள். உங்கள் பிள்ளையின் பெட்டியிலும் இரண்டு துண்டு வைத்து அனுப்புங்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளை தன் பெட்டியின் மூடியைத் தயங்காமல் திறக்கும்.

உங்கள் வீட்டு மூத்தம்மா, மூத்தவாப்பா கூப்பன் காலத்தைப் பற்றிச் சொன்னது ஏதும் இருந்தால் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வையுங்கள்.