தக்காளி கனிதலைத் தாழ்த்திய வரலாறு

காயை விரைவிற் கனிவிக்கும் கலையை நம் முன்னோர் நன்கறிவர். வாழைத்தாரைக் குழியிலிட்டுப் புகை மூட்டிப் பழுக்க வைத்தனர். கனிதலைத் தாழ்த்தும் கலையோ பிற்காலத்தது. கண்டி நகரைச் சூழ்ந்த மலைச்சாரல்களில் தக்காளி பயிரிடும் கமக்காரருக்கு வேண்டுவது இப்பிந்திய கலையே. எல்லாத் தோட்டங்களும் ஒருங்கே விளையுங்கால் விலை வீழ்கின்றது. விலை ஏறட்டும் எனக் கமக்காரர் காத்திருந்தாலும் பழம் காத்திருப்பதில்லை.

அது ஏன்? 1901இல் உருசிய அறிஞர் நெலியூபொவ், விளக்கெரிக்கும் வாயுவிலுள்ள எதிலீன் பயிரின் வளர்ச்சியை மாற்றுவதைக் கண்டார். பழங்களே அவ்வாயுவை வெளிவிடுகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தின் றிச்சாட் கேன் நிறுவினார். புகைக்குழியின் மறைபொருளும் அதனால் விளங்கிற்று. புகையிலும் எதிலீன் உண்டு. கொய்த பின்னும் தக்காளி சுவாசிக்கின்றது. எதிலீன் அதனைக் கனிவிக்கின்றது. அடிபட்ட பழம் அவ்வாயுவை மிகுதியாக வெளிவிட்டு, அருகிலுள்ள காய்களையும் பழுக்கச் செய்கின்றது.

காரணம் தெரிந்தபின் தடையும் தெரிந்தது. ஒட்சிசனைக் குறைத்தால் கனிதல் தாழும் என்பதைக் கேம்பிரிட்ஜ் அறிஞர் கிட்டும் வெஸ்டும் 1920களில் ஆப்பிளைக் கொண்டு காட்டினர். எதிலீனின் செயலைத் தடுக்கும் வாயுவொன்றுக்கு 1996இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பெற்றது. குளிரும் உதவும், ஆயினும் பச்சைத் தக்காளியை 10 பாகை செல்சியசுக்குக் கீழே நெடுநாள் வைத்தால், அது பின்னர் செவ்வனே பழுப்பதில்லை. 12 முதல் 15 பாகை வரையே அதற்கு ஏற்றது.

கண்டிக்கு இவ்வறிவு தொலைவிலில்லை. விவசாயத் திணைக்களம் 1912இல் நிறுவப்பெற்றது. அதன் தலைமையகம் பேராதனையில் உள்ளது. மகாவலிக்கு அக்கரையில், கன்னொருவையில், அதன் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம் இயங்குகின்றது. எனினும், ஆய்வுகூடத்திற்கும் சந்தைக்கும் இடைப்பட்ட பாதை நெடிது. 2011இன் இறுதியில், மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே ஏற்றிச்செல்ல வேண்டுமென அரசு விதித்தது. பழம் நசுங்காமற் காப்பதே அதன் நோக்கம். செலவு மிகும், லொறியிற் கொள்ளும் பாரம் குறையும் என வணிகரும் கமக்காரரும் எதிர்த்தனர். அரசு சில தளர்வுகளை அளித்தது.

குளிரறை இல்லாதார்க்கும் வழியுண்டு. அடிப்புறம் சிறிது சிவக்கத் தொடங்கியதும், காலைக் குளிர்ச்சியிற் கொய்தல்; நிழலில் வைத்தல்; உயரக் குவியாதிருத்தல்; பழுத்தவற்றையும் காயம்பட்டவற்றையும் விலக்கல் என்பன அவை. இவற்றால் கிட்டுவன சில நாட்களே. ஆயினும், அடிமாட்டு விலை கேட்கும் தரகரிடம் ‘நாளை பார்ப்போம்’ என்று சொல்லும் வலிமையைக் கமக்காரருக்குத் தருவன அச்சில நாட்களே.