அதிர்கம்பி உணரி

அதிர்கம்பி உணரி என்பது இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியின் அதிர்வெண்ணைக் கொண்டு கட்டுமானத்திலும் மண்ணிலும் பாறையிலும் உண்டாகும் திரிபு, நீரழுத்தம், சுமை ஆகியவற்றை அளக்கும் கருவி. அணை, சுரங்கப்பாதை, ஆழ்ந்த அகழ்வு முதலியவற்றைப் பல்லாண்டுகள் கண்காணிக்கப் பயன்படுகிறது.

கம்பியின் அதிர்வெண்ணின் வர்க்கம் இழுவிசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636-இல் வெளியிட்ட இவ்விதியைத்தான் பள்ளி ஆய்வகச் சுரமானியும் காட்டுகிறது. இதை அளவுகருவியாக்கியவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1919-இல் ஜெர்மனியில் வெளியான ஷேஃபரின் கட்டுரையைச் சிலர் சுட்டுவர். சோவியத் அறிஞர் தவிதென்கோவை வேறு சிலர். 1931-இல் காப்புரிமை பெற்ற பிரெஞ்சு அணைப் பொறியாளர் ஆந்த்ரே குவானை மற்றவர்கள். மூவரும் தனித்தனியே இதை எட்டியிருக்கலாம்.

குவான் தம் கருவிக்கு ‘ஒலிச்சாட்சி’ என்று பெயரிட்டார். குழாய்க்குள் கட்டிய கம்பி கான்கிரீட்டில் புதைக்கப்படும். மின்காந்தம் அதைச் சுண்டும். அதிர்வு கேபிள் வழியே அணையின் உள்நடைக்கு வரும். அங்கே அளப்பவர் காதுக்கருவியில் புதைந்த கம்பியின் ஒலியையும் கைப்பெட்டியிலிருந்த ஒப்புக்கம்பியின் ஒலியையும் ஒருசேரக் கேட்பார். இரண்டும் சற்றே மாறுபட்டால் ஒலி ஏறியிறங்கி விம்மும். விம்மல் அடங்கும்வரை ஒப்புக்கம்பியின் திருகைத் திருப்பி, அதன் அளவைப் பதிவேட்டில் எழுதுவார். கம்பியின் ஒலி விரைவில் தேய்ந்துவிடுமாதலால் செவிப் பழக்கமும் பொறுமையும் தேவைப்பட்டன. அணைக்குச் சுருதி சேர்ப்பது போன்ற வேலை இது.

நார்வேயில் ஆஸ்லோ சுரங்க ரயிலுக்கான அகழ்வுகளில் முட்டுக்கால்களின் சுமையை அளக்கவும் இவ்வகை உணரிகள் பயன்பட்டன.

இன்றைய உணரியில் சுருள் ஒன்றே கம்பியைச் சுண்டி, அதன் அதிர்வை மின்குறிப்பாக்கித் திருப்பி அனுப்புகிறது. 15 செ.மீ. நீளத் திரிபுமானியில் அதிர்வெண் ஏறத்தாழ 450 முதல் 1,200 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். நீரழுத்தம் அளக்கும் பீசோமீட்டரில் கம்பியின் ஒரு முனை மெல்லிய சவ்வில் பிணைந்திருக்கும். நீரழுத்தம் சவ்வை உள்ளே தள்ள, கம்பி தளரும். கேபிள் நீண்டாலும் அதன் மின்தடை மாறினாலும் குறிப்பு வலுவிழக்குமே தவிர அதிர்வெண் மாறாது. நெடுங்காலக் கண்காணிப்பில் இவ்வுணரிக்குள்ள மதிப்பு இதனால் வந்தது. வெப்பத்தால் எஃகும் கான்கிரீட்டும் ஒரே அளவில் விரிவதில்லை என்பதால் ஒவ்வோர் உணரியிலும் வெப்பமானி சேர்க்கப்படுகிறது. கம்பியின் பிடிப்பு நாளடைவில் நழுவித் தொடக்க அளவு பிறழக்கூடும் என்ற ஐயம் முன்பு வலுவாக இருந்தது. இன்றைய உற்பத்தி முறைகள் அதைப் பெருமளவு குறைத்துள்ளன.

மின்னலும் சுற்றுப்புற மின்னிரைச்சலும் இன்னும் தொல்லை தருபவை. அண்மைக் காலத் தரவுப் பதிவுக் கருவிகள் நிறமாலைப் பகுப்பாய்வால் இரைச்சலிலிருந்து கம்பியின் அதிர்வெண்ணைப் பிரித்தறிகின்றன.