தாய் இருந்தும் அனாதைகள்!

அனாதை இல்லம் என்றதும் தாய் தகப்பனை இழந்த குழந்தைகள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் தொடங்கப்பட்ட ஒரு விடுதியில் வளர்ந்த பலருக்குத் தாய் உயிரோடுதான் இருந்தாள். குழந்தையைக் காப்பாற்ற வேண்டுமானால் தாயின் தொடர்பை அறுக்க வேண்டும் என்று அன்றைய சமூகம் நம்பியது. அந்த நம்பிக்கை மாற இருநூறு ஆண்டுகள் ஆயின.

அந்த விடுதியின் பெயர் பவுண்ட்லிங் ஹாஸ்பிட்டல். பெயரில் ஹாஸ்பிட்டல் இருந்தாலும் அது மருத்துவமனை அல்ல. கைவிடப்பட்ட குழந்தைகளின் காப்பகம். தாமஸ் கோரம் என்ற கப்பல் தலைவர், லண்டன் தெருவோரங்களில் கிடந்த சிசுக்களைக் கண்டு மனம் வருந்தி, 17 ஆண்டுகள் அலைந்து 1739-இல் அரசரின் அனுமதியைப் பெற்றார். 1741-இல் முதல் குழந்தைகள் வந்து சேர்ந்தார்கள்.

இடமோ குறைவு, வந்த தாய்மார்களோ அதிகம். எனவே 1742 முதல் குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கையை விட்டுப் பந்து எடுக்க வேண்டும். வெள்ளைப் பந்து வந்தால் அனுமதி. சிவப்பு வந்தால் காத்திருக்க வேண்டும். கறுப்பு வந்தால் குழந்தையோடு திரும்பிப் போக வேண்டியதுதான்!

அனுமதி கிடைத்த பிறகு என்ன நடந்தது?

தாயின் பெயரைக் கேட்க மாட்டார்கள். குழந்தையின் பால், உடை, உடல் அடையாளங்கள் ஒரு படிவத்தில் எழுதப்படும். பல படிவங்களில் ஒரு சிறு துணித் துண்டும் குத்தி வைக்கப்பட்டது. பிறகு குழந்தைக்குப் புதுப் பெயர் சூட்டப்படும். என்றாவது தாய் திரும்பி வந்தால் அந்தத் துணியும் சேர்த்த தேதியும்தான் சாட்சி. அதாவது, ஒரு தாய்க்கும் பிள்ளைக்கும் இடையே இருந்த உறவு ஒரு ரசீதாகச் சுருங்கிப் போனது.

அந்த ரசீது எத்தனை பேருக்குப் பயன்பட்டது? 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்டவர்கள் 16,282 பேர். அவர்களில் பெற்றோர் திரும்பப் பெற்றது 152 பேரை மட்டுமே. நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை! சேர்க்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தே போனார்கள்.

விதிவிலக்காகச் சிலர் இருந்தார்கள். 1767-இல் சாரா பெண்டர் என்ற பெண் தன் மகன் சார்லஸை விட்டுச் சென்றாள். பல துணிகளை ஒட்டுப்போட்டு, அதில் இதயம் ஒன்றைத் தைத்து, இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் தன்னிடம் வைத்துக் கொண்டாள். எட்டு ஆண்டுகள் கழித்து, 1775-இல் வந்து மகனை மீட்டாள். அதற்குள் அவன் வேறு பெயரில் வளர்ந்திருந்தான்.

இன்னொரு கொடுமையும் உண்டு. சேர்க்கப்பட்ட சிசுக்களைக் கிராமத்துச் செவிலித் தாய்மார்களிடம் அனுப்பி வளர்த்தார்கள். ஏறத்தாழ ஐந்து வயதில் அங்கிருந்தும் பிரித்து லண்டனுக்குக் கொண்டு வந்தார்கள். அந்தப் பிள்ளை அம்மா என்று அறிந்திருந்தது அந்தச் செவிலியைத்தானே? ஆக, ஒரே குழந்தை இரண்டு முறை தாயை இழந்தது.

விடுதி நடத்தியவர்களைக் கொடியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. உணவு, உடை, கல்வி, தொழில் எல்லாம் கொடுத்தார்கள். திருமணமாகாமல் பெற்றவள் என்ற அவப்பெயரிலிருந்து தாயைக் காக்கவும் ரகசியம் தேவைப்பட்டது. ஆனால் பராமரிப்பு வேறு, உறவு வேறு என்பதை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பார்வை மாறியது. 1948-இல் பிரிட்டன் கொண்டுவந்த குழந்தைகள் சட்டம், குழந்தையின் நலனுக்குப் பொருந்தினால் பெற்றோரிடமோ உறவினரிடமோ திரும்பச் சேர்க்க உள்ளாட்சி அமைப்பு முயல வேண்டும் என்றது. பெற்றோர் தங்கள் முகவரியைத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் விதித்தது. பெயரே கேட்காத காலம் எங்கே, முகவரி கேட்கும் சட்டம் எங்கே! 1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, தாயைப் பிரிவது குழந்தையின் மனநலத்தைப் பாதிக்கும் என்று வலியுறுத்தியது. பவுண்ட்லிங் விடுதியும் 1950-களில் மூடப்பட்டது.

1989-இல் ஐ.நா.வின் குழந்தை உரிமை உடன்படிக்கை இதை உரிமையாகவே எழுதியது. பெற்றோரைப் பிரிந்து வாழும் குழந்தைக்கு, அதன் நலனுக்குக் கேடில்லாத வரை, அவர்களோடு முறையான நேரடித் தொடர்பு உண்டு என்பதே அது.

பெற்றோரால் கேடு வரும் வீடுகளும் உண்டு. அங்கே குழந்தையின் பாதுகாப்புதான் முதலில். மற்றபடி, விடுதிக்கு வந்து பார்ப்பதும், கடிதம் போடுவதும், விடுமுறைக்கு அழைத்துப் போவதும் ஏதோ விடுதி காட்டும் சலுகை அல்ல. அது குழந்தைக்குச் சேர வேண்டிய பாக்கி. அந்தப் பாக்கி தீர்க்கப்படாத ஆயிரக்கணக்கான குழந்தைகளின் துணித் துண்டுகள் இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கின்றன.