கூலி பேசிய கவிதை

1348இல் இங்கிலாந்துக்கு வந்த கொள்ளைநோய் மக்களைக் கூட்டம் கூட்டமாக வாரிக்கொண்டு போனது. பிழைத்திருந்த வேலையாட்களுக்குக் கிராக்கி ஏறியது, கூலியும் ஏறியது. ஆள்வோர் அதைப் பொறுக்கவில்லை. 1351ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்த கல்தச்சருக்கு நாளுக்கு 4 பென்னி, மற்றவருக்கு 3 பென்னி என்று உச்சவரம்பு கட்டியது. 1425இல் கல்தச்சர்கள் ஆண்டுதோறும் கூடுவதையே தடைசெய்தார்கள். கூட்டம் கூட்டுகிறவர் பெருங்குற்றவாளி, போனவருக்குச் சிறை.

அந்த நெருக்கடிக் காலத்தை ஒட்டித்தான் ஒரு சின்னத் தோலேடு பிறந்தது. எழுதியவர் பெயர் அதில் இல்லை. 794 அடிகளும் இடைக்கால ஆங்கிலப் பாட்டு. கட்டடக் கலையை எகிப்தில் யூக்ளிட் தொடங்கினார், அத்தெல்ஸ்டன் மன்னர் இங்கிலாந்தில் அதற்கு விதி வகுத்தார் என்கிறது முன்கதை. வரலாறாக அது நிற்காது. ஆனால் கூடுவதே குற்றமாகிப்போனவர்களுக்கு ஒரு பழைய மன்னரின் ஒப்புதல் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

விதிகளுக்கு வரும்போதுதான் பாட்டுக்கு உயிர் வருகிறது. தலைமைக் கல்தச்சருக்கு 15, தொழிலாளிக்கு 15. முதல் விதியே கூலி: உணவுப் பொருள் விற்கும் விலையைப் பார்த்துக் கொடு. சட்டம் பென்னிக் கணக்கில் பூட்டியதை இந்தப் பாட்டு சந்தை விலையோடு இணைக்கிறது. அந்த ஒரு விதிக்காகவே இந்த ஏட்டைப் போற்றுவேன். பயிற்சிக்கு வரும் பையனை ஏழாண்டுக்குக் குறைவாக வைத்துக்கொள்ளாதே. பண்ணையடிமையைச் சேர்க்காதே, ஆண்டை வந்து இழுத்துப்போவான். இரவில் வேலை செய்யாதே. பட்டறையில் நடப்பதை வெளியே பேசாதே. கடைசியில், பெரியவர்களோடு பந்தியில் உட்காரும்போது கை சுத்தமாக இருக்கட்டும் என்பதுவரை போகிறது.

அதன்பின் இரு நூற்றாண்டு ஏட்டின் தடம் மங்கல். 17ஆம் நூற்றாண்டில் குளோஸ்டர்ஷயரின் ஏடு சேகரிப்பாளர் ஜான் தேயரிடம் இருந்தது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய சேகரிப்பு அரச நூலகத்துக்குப் போனது. 1734இல் வெளிவந்த அந்த நூலகப் பட்டியல் இந்த ஏட்டை ஒழுக்கக் கடமைகள் பற்றிய கவிதை என்று குறித்தது. கல்தச்சர் என்ற பேச்சே இல்லை.

இதற்குள் வெளியே தொழிலின் முகம் மாறிவிட்டது. உளி பிடிக்காத கனவான்கள் கல்தச்சர் அமைப்புகளில் சேர்ந்தார்கள். அறிஞர் எலியாஸ் ஆஷ்மோல் 1646இல் வாரிங்டனில் சேர்ந்தார். 1717இல் லண்டன் மதுவிடுதி ஒன்றில் லாட்ஜ் எனப்பட்ட இந்த அமைப்புகளில் நான்கு கூடித் தலைமை லாட்ஜை அமைத்தன; உறுப்பினர்கள் ஃப்ரீமேசன்கள் எனப்பட்டார்கள். மூலைமட்டமும் கவராயமும் அறத்தின் அடையாளங்களாயின. 1757இல் இரண்டாம் ஜார்ஜ் அரச நூலகத்தைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். ஏடும் போனது, அதே தவறான பெயரோடு.

1839 வாக்கில் ஜேம்ஸ் ஹாலிவெல் என்ற இளைஞர் அதை முழுதாகப் படித்தார். அவருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை, ஃப்ரீமேசனும் அல்லர். இது கல்தச்சர்களின் சட்டம் என்று அறிஞர் சபையில் சொல்லி, 1840இல் அச்சிட்டார். ஃப்ரீமேசன்கள் அதற்கு ரீஜியஸ் கவிதை என்று பெயரிட்டுத் தங்கள் மிகப் பழைய ஆவணமாகக் கொண்டாடினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் அதைக் காக்கிறார்கள். ஃப்ரீமேசன்களின் சடங்குகளில் ஒன்றுகூட அந்த 794 அடிகளில் இல்லை. சோற்று விலைக்கேற்ற கூலி இருக்கிறது.