ஒரு தபால்தலையும் இரண்டு கால்வாய்களும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

"பனாமா கால்வாய் இணைக்கும் பெருங்கடல்கள் எவை?" என்ற கேள்விக்கு உங்களில் பலர் என்னிடம் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். அந்தக் கால்வாய் ஏன் பனாமாவில் வெட்டப்பட்டது என்பது பாடத்தில் இல்லை. உண்மையில் அது வேறொரு நாட்டில் வெட்டப்பட்டிருக்க வேண்டியது. அந்த நாடு நிகராகுவா.

மத்திய அமெரிக்காவின் வரைபடத்தைக் கைப்பேசியில் பெரிதாக்கிப் பாருங்கள். நிகராகுவாவின் மேற்குக் கரையை ஒட்டி எரிமலைகள் வரிசையாக நிற்கும். அவற்றின் அருகே பெரிய ஏரி ஒன்று, பரப்பு 8,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஏரிக்கு நடுவே ஓமெடெபே என்ற தீவு. பழைய நஹுவாட் மொழியில் 'ஓமே' என்றால் இரண்டு, 'தெபெத்' என்றால் மலை. நம் ஊராக இருந்தால் இருமலை என்றிருப்போம். கொன்செப்சியோன், மதேராஸ் என்ற இரண்டு எரிமலைகள் சேர்ந்துதான் அந்தத் தீவே. கொன்செப்சியோன் 1,610 மீட்டர் உயரம், இன்றும் அவ்வப்போது புகைகிறது.

அந்த ஏரியில் சுறா உண்டு என்றால் நம்புவீர்களா? நன்னீரில் சுறா! கடலிலிருந்து பிரிந்து ஏரியில் அடைபட்டுப் போன தனி இனம் என்றுதான் ஆராய்ச்சியாளர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1960-களில் தாமஸ் தார்சன் என்ற அமெரிக்க விலங்கியலாளர் சுறாக்களுக்கு அடையாள வில்லை கட்டி விட்டுப் பார்த்தார். ஏரியில் விட்டது கரீபியக் கடலோரத்தில் பிடிபட்டது, அங்கே விட்டது ஏரியில் கிடைத்தது. காளைச் சுறா எனப்படும் அந்த மீன் சான் ஹுவான் ஆற்றின் பாறை நீரோட்டங்களை எதிர்த்து ஏறி வருகிறது. பிறகு துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் அளவில்லாமல் பிடித்ததில் இப்போது அதைக் காண்பதே அரிது.

சுறா வந்த வழியேதான் மனிதரும் வந்தார்கள். கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த செய்தி பரவியதும், நியூயார்க்கிலிருந்து அங்கே போகக் குறுக்குவழி தேடினார்கள். கார்னேலியஸ் வாண்டர்பில்ட் என்ற கப்பல் முதலாளி 1851-இல் இங்கே வழி அமைத்தார். ஆற்றில் நீராவிப் படகு, ஏரியில் கப்பல், மேற்குக் கரையில் இறங்கினால் பசிபிக் வரை சுமார் 19 கிலோமீட்டர் தரைவழி. எழுத்தாளர் மார்க் ட்வைன்கூட 1867 புத்தாண்டை ஒட்டி, எதிர்த்திசையில், இவ்வழியே கடந்தார். குறுக்குவழி இருக்கும் நாட்டுக்கு நிம்மதி ஏது? 1855-இல் வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் அறுபது பேருக்கும் குறைவான ஆட்களோடு வந்திறங்கி, மறு ஆண்டே தன்னை நிகராகுவாவின் அதிபராக்கிக் கொண்டு, ஒழிக்கப்பட்டிருந்த அடிமை முறையைத் திரும்பக் கொண்டு வந்தார். மத்திய அமெரிக்க நாடுகள் ஒன்றுசேர்ந்து 1857-இல் அவரைத் துரத்தின.

மிச்சமிருக்கும் 19 கிலோமீட்டரை வெட்டிவிட்டால் கப்பலே போகலாமே என்ற எண்ணம் அமெரிக்கர்களை விடவில்லை. பனாமாவிலோ பிரெஞ்சுக்காரர்கள் கால்வாய் தோண்டப் போய், மலேரியாவுக்கும் மஞ்சள் காய்ச்சலுக்கும் ஆயிரமாயிரம் தொழிலாளர்களைப் பலி கொடுத்து, 1889-இல் நிறுவனமே திவாலாகி நின்றது. ஆகவே 1902 ஜனவரியில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிகராகுவா வழிக்கு 308-க்கு 2 என்ற கணக்கில் ஒப்புதல் அளித்தது. அடுத்து செனட் சபை மட்டும்தான் பாக்கி.

இங்கேதான் பிலிப் புனோ-வரில்லா வருகிறார். பனாமாவில் வேலை பார்த்த பிரெஞ்சுப் பொறியாளர். கைவிட்ட அந்தப் பள்ளத்தை எப்படியாவது அமெரிக்காவின் தலையில் கட்டிவிட வேண்டும் என்று அலைந்தவர். 1902 மே 8 அன்று கரீபியத் தீவான மார்தினிக்கில் பெலே எரிமலை வெடித்து, செயின்ட் பியேர் நகரம் சில நிமிடங்களில் சாம்பலானது. ஏறத்தாழ 28,000 பேர் மாண்டார்கள். எரிமலை என்ற சொல்லே அமெரிக்காவில் பீதியைக் கிளப்பிய நேரம். நிகராகுவா 1900-இல் வெளியிட்ட தபால்தலை ஒன்றில் மொமோதோம்போ எரிமலை புகை கக்கியபடி கம்பீரமாக நின்றது. அச்சடித்தது அமெரிக்க நிறுவனம்தான்! புனோ-வரில்லா வாஷிங்டனில் தபால்தலை விற்பவர்களிடம் தேடித் தேடி வாங்கி, செனட்டர் ஒவ்வொருவருக்கும் ஒன்று அனுப்பி வைத்தார். நிகராகுவா அரசே தரும் சாட்சி இது, பாருங்கள் என்று. ஜூன் 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் 42-க்கு 34 என்று பனாமா வென்றது.

தபால்தலைதான் தீர்மானித்தது என்று கதை சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிரெஞ்சு நிறுவனம் தன் சொத்துக்கு முதலில் கேட்டது 10.9 கோடி டாலர். ஜனவரியிலேயே அதை 4 கோடியாகக் குறைத்துவிட்டது. அதைப் பார்த்து, நிகராகுவாவைப் பரிந்துரைத்த நிபுணர் குழுவே பனாமா பக்கம் திரும்பியது. பேரம் படிந்த பிறகு, தயங்கியவர்களை அசைக்கத் தபால்தலை உதவியிருக்கும். மொமோதோம்போவுக்கும் கால்வாய் வழிக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி என்பதை எத்தனை செனட்டர்கள் வரைபடத்தில் பார்த்தார்களோ! ஆனால் அந்த மலை சாது என்றும் சொல்ல முடியாது. ஸ்பானியர்கள் 1524-இல் அதனடியில் கட்டிய லெயோன் நகரத்தை, 1610 நிலநடுக்கத்துக்குப் பின் அப்படியே விட்டுவிட்டு வேறிடம் போனார்கள்.

கால்வாய் போனது நிகராகுவாவுக்கு நட்டமா, தப்பித்ததா? பனாமாவின் நடுவே கால்வாய்ப் பகுதி என்று ஒரு பட்டையை அமெரிக்கா பல பத்தாண்டுகள் தன் கையில் வைத்திருந்ததை நினைத்தால் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. ஆனால் ஆசை ஒழியவில்லை. 2013-இல் ஹாங்காங்கில் பதிவான ஒரு நிறுவனத்துக்குக் கால்வாய் வெட்ட 50 ஆண்டு உரிமை, வேண்டுமானால் இன்னொரு 50 ஆண்டு நீட்டிப்பு என்று நிகராகுவா நாடாளுமன்றம் எழுதிக் கொடுத்தது. பாதையில் நிலம் வைத்திருந்த விவசாயிகள் ஊர் ஊராகப் பேரணி நடத்தினார்கள். ஏரியின் அடியைத் தோண்டினால் நாட்டின் மிகப் பெரிய நன்னீர் இருப்பு கெடும் என்று அறிவியலாளர்கள் எச்சரித்தார்கள்.

2015 டிசம்பர் 1 அன்று, 110 ஆண்டுகள் அமைதியாக இருந்த மொமோதோம்போ வெடித்தது. கால்வாய் வேலை அப்போதே படுத்துவிட்டிருந்தது. 2024 மே மாதம் அந்த உரிமையை நாடாளுமன்றமே ரத்து செய்தது.