குச்சி முறிந்த வாணம்

எங்கள் சிவகாசி வட்டாரத்தில் ராக்கெட்டின் குச்சியை அலங்காரம் என்று யாரும் எண்ணுவதில்லை. குச்சி முறிந்த வாணமும் மருந்து தீரும்வரை சீறத்தான் செய்யும். ஆனால் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் போகும், பற்றவைத்தவன் காலடிக்கும் திரும்பும். விசை இருந்தும் திசை இல்லாமற்போகும் அந்த நிலை ஒரு விமானத்திற்கு நேர்ந்தால்?

1976 அக்டோபர் 12, நள்ளிரவுக்குப் பின். பம்பாயிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸின் கரவெல் விமானத்தில், பின்புறமிருந்த இரு எஞ்சின்களுள் ஒன்றின் சுழல்தகடு உலோகச் சோர்வால் உடைந்து சிதறியது. எரிபொருள் குழாய் அறுந்து தீப்பிடித்தது. விமானிகள் உடனே திரும்பினர். கரவெல்லில் விமானியின் கைவிசை வால் மடல்களை நேரே எட்டுவதில்லை. குழாய்களில் ஓடும் திரவத்தின் அழுத்தமே அவற்றை அசைக்கும். அத்திரவம் தீயில் தீர்ந்தது. ஓடுபாதையை நெருங்குகையில் விமானம் கட்டுப்பாட்டை இழந்து விழுந்தது. 95 பேரும் மாண்டனர்.

தமிழர் நினைவில் இவ்விபத்து சினிமாச் செய்தியாகவே தங்கியிருக்கிறது. ‘பத்ரகாளி’ படத்தின் நாயகி ராணி சந்திரா அதில் இறந்தார். எஞ்சிய காட்சிகளை வேறொரு பெண்ணை நடிக்கவைத்து முடித்தார்கள். இதைச் சொல்லாத திரைக் கட்டுரை அரிது. தகட்டைப் பற்றியும் திரவத்தைப் பற்றியும் எங்கள் கண்ணில் பட்ட தமிழ் வரிகள் மிகச் சில.

1985 ஆகஸ்டில் ஜப்பானில் ஒரு போயிங் 747 தன் திரவம் முழுவதையும் இழந்தது. எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்தும் விமானிகள் அதை அரைமணி நேரம் வானில் நிறுத்தினர். ஆயினும் 524 பேரில் நால்வரே பிழைத்தனர். அமெரிக்கப் பயிற்சி விமானி டென்னிஸ் ஃபிட்ச் அச்செய்தியைச் செய்தியாக விட்டுவிடவில்லை. பாவனைக் கருவியில் அமர்ந்து அதே நிலையில் தாமும் ஓட்டிப் பார்த்தார். 1989 ஜூலை 19 அன்று அவர் பயணியாக ஏறிய டிசி-10 விமானத்தில் வால் எஞ்சினின் தகடு உடைந்து மூன்று திரவ அமைப்புகளும் செத்தன. கேப்டன் ஆல் ஹேன்ஸுக்கு உதவியாக, இறக்கைகளின் இரு எஞ்சின்களுக்கான நெம்புகோல்களையும் இரு கைகளில் பற்றிக்கொண்டார் ஃபிட்ச். சூ சிட்டியில் விமானம் மோதிச் சிதறியபோதும் 296 பேரில் 184 பேர் உயிரோடு வெளிவந்தனர். 1995-இல் நாசா, எஞ்சின் விசையை மட்டுமே கணினியால் ஆண்டு ஓர் எம்டி-11 விமானத்தைப் பத்திரமாகத் தரையிறக்கிக் காட்டியது.

இந்த வித்தை கரவெல்லுக்கு உதவியிருக்குமா? உதவியிராது என்றே நினைக்கிறோம். ஒற்றை எஞ்சின், அதுவும் உடலை ஒட்டி அமைந்தது, தரையோ மிக அருகில். பம்பாய் விமானிகள்மீது குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தது. எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டால் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் எவரும் சொல்வார்கள். முதலில் பற்றியது எந்த அறை, எந்த மருந்து என்று கேட்டுப் பார்த்தோம். பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிட்டது.