புறப்பாட்டுக்கு முந்திய நாட்கள்



சமயத் தூதர் வரலாறுகளைப் படிக்கும்போது இரண்டு காட்சிகளே நம் கண்முன் வருகின்றன. ஒன்று, தூதர் தம் ஊர்த் துறையிற் கப்பலேறுவது. மற்றையது, முன்பின் அறியாத நாட்டின் கரையில் அவர் இறங்குவது. இவ்விரண்டுக்கும் முன்னே கழியும் நாட்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். அழைப்பு வந்துவிட்டது, வீட்டாரிடம் விடையும் பெற்றாயிற்று, ஆயினும் செல்லவேண்டிய நாட்டின் கதவு இன்னும் திறக்கவில்லை. இந்நிலையில் நிற்கும் ஒருவர் தம் பொழுதை எங்ஙனம் போக்குகிறார்? அவ்வாறு போகும் பொழுதினால் யாதேனும் பயன் விளைந்ததுண்டா? இவ்வினாக்களுக்கு விடை தேட, மோர்மன் சபையாரின் வரலாறு மிகவும் ஏற்றதாகும்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பது அச்சபையின் முறையான பெயர். 1830ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் யோசேப்பு சிமித் என்பவரால் அது நிறுவப்பட்டது. 1844இல் அவர் கொலையுண்டபின், பிறிகாம் யங் என்பாரின் தலைமையில் அச்சபையார் மேற்றிசை நோக்கிப் பெயர்ந்து, 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்து, சோல்ற் லேக் நகரை அமைத்தனர். தூதுப்பணிக்கெனச் சம்பளம் பெறும் தனி வகுப்பாரை அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. உழவர், தச்சர், வணிகர், மாணவர் ஆகிய சாதாரண மக்களே சில காலம் தூதராய்ச் சென்று, பின்னர் தத்தம் தொழிலுக்கு மீண்டனர். நாளடைவில் இப்பணி பெரும்பாலும் இளைஞருக்கு உரியதாயிற்று. ஆடவருக்கு இரண்டாண்டு, மகளிருக்குப் பதினெட்டு மாதம் என்பது இன்றைய வழக்கம்.

இக்கால எல்லையை நாம் மனத்திற் கொள்ளல் வேண்டும். நமது யாழ்ப்பாணத்துக்கு 1816இல் வந்த அமெரிக்க மிசனரிமாரை நினைத்துப் பாருங்கள். அவர்களுட் பலர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மண்ணிலே கழித்தனர். ஆதலின், வந்தபின் ஆறுதலாக இருந்து தமிழ் படிக்க அவர்களுக்கு நேரம் இருந்தது. 1819இல் யாழ்ப்பாணம் வந்த மைரன் வின்சிலோ பெயரால் வழங்கும் பேரகராதி, 1862இலேதான் சென்னையில் வெளிவந்தது. இரண்டாண்டில் வீடு திரும்பவேண்டிய ஒருவருக்கு இத்தகைய ஆறுதல் ஏது? அவர் மொழி கற்பதில் ஓராண்டைச் செலவிட்டால், எஞ்சுவது ஓராண்டே. எனவே, புறப்பாட்டுக்கு முந்திய நாட்கள் அவருக்குப் பெரும் பொருளாகின்றன. எனினும், இவ்வுண்மையைச் சபை முற்றாக உணர்ந்து செயற்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

முற்காலத்தில் தூதர் காத்திருந்தது கப்பற்கூலிக்காகவும் கப்பலுக்காகவுமே. 1852ஆம் ஆண்டு ஓகஸ்ட் இறுதியில் சோல்ற் லேக் நகரிற் கூடிய மாநாட்டிலே, ஏறத்தாழ நூறு ஆடவரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. முன்கூட்டி எவரிடமும் சம்மதம் கேட்கப்படவில்லை. சபையிலே அமர்ந்திருந்த ஒருவர், தம் பெயரும் அதனோடு சேர்த்து இந்தியா, சீயம், சீனம் என்றொரு நாட்டின் பெயரும் ஒலிக்கக் கேட்டே தம் வருங்காலத்தை அறிந்தார். அவர்களுட் பலர் மனைவி மக்களை உடையோர். சில வாரங்களுள் விளைச்சலை ஒதுக்கி, குடும்பத்துக்கு வேண்டுவனவற்றை இயன்றமட்டிற் சேர்த்துவைத்து, அவர்கள் புறப்பட்டாக வேண்டும்.

கீழைத் தேசங்களுக்குக் குறிக்கப்பட்டோர் ஒக்டோபரில் வண்டிகளிற் புறப்பட்டு, பாலை நிலம் கடந்து, தென் கலிபோர்ணியாவை அடைந்து, அங்கிருந்து கடல்வழியே சன் பிரான்சிஸ்கோ சேர்ந்தனர். கையிற் பணமின்றிப் போதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை; கப்பற் கம்பனியாரோ கொள்கைக்காகக் கூலியை விட்டுக்கொடுப்பாரல்லர். ஆகவே அத்துறைமுகத்திலே தங்கி, நண்பரிடமும் அயலாரிடமும் உதவி கேட்டுப் பொருள் திரட்டுவதே அவர்களின் நாட்கடமையாயிற்று. கலிபோர்ணியாவில் வேளாண்மையாற் செல்வம் பெற்றிருந்த ஜோன் ஹோணர் என்னும் சபையார் பெருந்தொகை உதவியதால், 1853 ஜனவரி இறுதியில் பதின்மூவர் கப்பலேறினர். ஏப்ரல் பிற்பகுதியில் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர்.

ஏறத்தாழ மூன்று மாதக் கடற்பயணம்; அதற்கு முன்னும் பல வாரத் தங்கல். இவ்வளவு காலத்திலும் தாம் செல்லும் நாட்டின் மொழியை முறையாகக் கற்பிக்க அவர்களுக்கு ஓர் ஆசிரியர் இருந்தாரல்லர். அவர்களுள் ஒருவரான றிச்சர்ட் பலன்ரைன், 1849இல் சோல்ற் லேக் பள்ளத்தாக்கின் முதல் ஞாயிற்றுப் பாடசாலையைத் தம் வீட்டிலே தொடங்கியவர். 1853 ஜூலையில் சென்னை வந்து, ஓராண்டளவு அங்கு உழைத்தார். துண்டுப் பிரசுரங்களும் ஒரு மாதப் பத்திரிகையும் வெளியிட்டார். அவை யாவும் ஆங்கிலத்திலேயே அமைந்தன. தமிழும் தெலுங்கும் வழங்கிய அந்நகரில் அவர் குரல் ஆங்கிலம் அறிந்த சிறு வட்டத்துள் அடங்கிற்று. ஞானஸ்நானம் பெற்றோரும் மிகச் சிலரே. சீயத்துக்கெனக் குறிக்கப்பட்ட சோன்சி வெஸ்ற், பிராங்கிளின் டூயி என்னும் இருவர், பர்மியப் போர் முதலிய தடைகளால் அவ்வழி செல்ல இயலாது, அவ்வாண்டிலேயே நமது இலங்கைக்கு வந்தனர். இங்கும் அவர்கள் சொல்லைக் கேட்பாரில்லாமையால், விரைவிற் பம்பாய்க்குச் சென்றனர். உள்ளூர் மொழிகளைக் கற்க முயன்றோர் அக்கூட்டத்திற் சிலர் இருந்தனர். எனினும் 1856 அளவில் அம்முயற்சி முழுவதும் கைவிடப்பட்டது. எதிர்ப்பு, வெப்பம், நோய், வறுமை எனக் காரணங்கள் பலவற்றைக் கூறலாம். அவற்றுள் மொழியின்மையும் ஒன்று.

இதே காலத்தில் ஹவாய்த் தீவுகளில் நிகழ்ந்தது வேறு. 1850 டிசம்பரில் அங்கு சென்ற பதின்மரும் முதலில் வெள்ளையருக்கே போதிக்க எண்ணினர். வெள்ளையர் தொகை சிறிது, அவர்களுக்கும் நாட்டமில்லை. எனவே சிலர் ஊர் திரும்பினர். இருபத்துமூன்று வயதினரான ஜோர்ஜ் கனன் என்பவரோ, தீவின் மக்கள் மொழியைக் கற்றே தீர்வதென உறுதிகொண்டார். மாவுயித் தீவில் நாபேலா என்னும் கற்றறிந்த ஹவாய்ப் பெரியார் அவருக்குத் துணையானார். இருவரும் சேர்ந்து உழைத்து ஆக்கிய மோர்மன் நூலின் ஹவாய் மொழிபெயர்ப்பு 1855இல் அச்சேறிற்று. புதிதாக வந்த தூதருக்கு மொழி கற்பிக்கும் பணியையும் நாபேலா மேற்கொண்டார்.

அத்தீவுகளுக்கு 1854இல் அனுப்பப்பட்ட யோசேப்பு எப். சிமித், சபையை நிறுவியவரின் சகோதரர் மைந்தர். தந்தை கொலையுண்டவர், தாயையும் இழந்தவர், அப்போது வயது பதினைந்து. கலிபோர்ணியா வந்த அவரும் தோழர்களும், கப்பற்கூலி தேடி, சாந்தா குரூஸ் மலைக்காட்டிலே கூரைக்கு வேயும் மரப்பலகைச் சீவல்களைச் செய்யும் கூலிவேலையில் அமர்ந்தனர். சமயம் போதிக்கப் புறப்பட்ட சிறுவன், காட்டில் மரம் பிளந்து காத்திருந்தான். பின்னர் ஹவாய் சேர்ந்து, சில மாதங்களிலேயே அம்மொழியிற் பேசும் ஆற்றல் பெற்றான். அச்சிறுவனே 1901 முதல் 1918 வரை சபையின் தலைவராய் விளங்கியவர்.

இருபதாம் நூற்றாண்டில் மாநாட்டிற் பெயர் வாசிக்கும் வழக்கம் மறைந்து, அழைப்பு கடிதமாக வந்தது. நீராவிக் கப்பலும் புகைவண்டியும் பயணத்தைச் சுருக்கின. 1925இல் சோல்ற் லேக் நகரில் தூதர் இல்லம் ஒன்று திறக்கப்பட்டது. புறப்படும் இளைஞர் சில நாட்கள் அங்கு தங்கி, போதனை முறை, ஒழுக்கம், உடல்நலம், பழக்கவழக்கம் ஆகியவை பற்றிய விரிவுரைகளைக் கேட்டனர். ஆயினும் மொழியை அவரவர் போன இடத்திலே, தெருவிலும் சந்தையிலும் தடுமாறிக் கற்கவேண்டியதாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது, வீசா எனப்படும் நுழைவு அனுமதியில் ஏற்பட்ட தாமதமாகும். மெக்சிக்கோவின் 1917ஆம் ஆண்டு யாப்பு அயல்நாட்டுச் சமயப் பணியாளர்மீது கடும் கட்டுப்பாடுகளை விதித்திருந்தது. ஆர்ஜென்ரீனாவுக்குரிய பத்திரங்களும் விரைவில் வருவனவல்ல. அழைக்கப்பட்ட இளைஞர் வீணே தங்கியிருப்பது கண்டு, 1961இன் இறுதியில் யூற்றா மாநிலத்துப் புறோவோ நகரில், பிறிகாம் யங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து, ஒரு மொழிப்பள்ளி தொடங்கப்பட்டது. முதல் வகுப்பில் இருந்தோர் 29 பேர். யாவரும் மேற்கூறிய இரு நாடுகளுக்கும் செல்லக் காத்திருந்தோர். பொறுப்பேற்றவர் ஏணஸ்ற் வில்கின்ஸ் என்னும் ஸ்பானிய மொழிப் பேராசிரியர். அனுமதி வரும்வரை ஸ்பானியம் படிக்கட்டும் என்று தொடங்கிய அவ்வேற்பாடு, விரைவிலே தன் பயனைத் தானே காட்டிற்று. 1963இல் அது மொழிப் பயிற்சித் தூதகம் ஆயிற்று. போர்த்துக்கேயம், ஜெர்மன் முதலிய மொழிகளும் சேர்ந்தன. 1978இல் தூதர் பயிற்சி நிலையம் எனப் பெயர் பெற்று, பழைய தூதர் இல்லத்தின் பணியையும் ஏற்றுக்கொண்டது. கதவு திறக்கவில்லையென்று திண்ணையில் இருந்தவர்களுக்காக அமைத்த பள்ளி, வீட்டுக்குள் நுழைவோர் யாவர்க்கும் வாயிலாகிவிட்டது.

அங்கே ஒரு நாள் எவ்வாறு கழிந்தது? காலை ஆறரை மணிக்குத் துயிலெழுதல். இரவு பத்தரை மணிக்கு விளக்கணைத்தல். இடையிலே செபம், வேதபாடம், உடற்பயிற்சி, நீண்ட மொழி வகுப்புகள். 1961இல் எல்லா நாடுகளுக்கும் பொதுவென வகுக்கப்பட்ட ஆறு போதனைப் பாடங்களை அயல்மொழியில் மனனஞ் செய்தல் வேண்டும். உணவு மேசையிலும் நடைபாதையிலும் கற்கும் மொழியிலேயே பேச முயல வேண்டும் என்பது கட்டளை. சோறும் உப்பும் கேட்கவும் சொல்லறியாது திகைத்த இளைஞர் சில வாரங்களிலே வாய்திறக்கலாயினர். கற்பித்தோரும் பெரும்பாலும் தூது சென்று மீண்ட பல்கலைக்கழக மாணவரே. நேற்றுத் தாம் தடுமாறிய இடங்களை அவர்கள் நன்கறிவர்.

தூதருக்கென வேறுபடுத்தப்பட்ட நாளிலிருந்து, இளைஞர் 'மூப்பர்' என்றும் மங்கையர் 'சகோதரி' என்றும் குலப்பெயரோடு சேர்த்து அழைக்கப்படுவர். எங்கும் ஒரு தோழருடன் இணைந்தே செல்லுதல் வேண்டும், தனிமை இல்லை. படக்காட்சி இல்லை, காதற் சந்திப்பு இல்லை. கிழமையில் ஒரு நாள் துணி வெளுக்கவும் வீட்டுக்குக் கடிதம் எழுதவும் உரியது. தொலைபேசியிற் பெற்றோருடன் பேசுவது நெடுங்காலம் ஆண்டில் இருமுறை, நத்தாரிலும் அன்னையர் தினத்திலுமே, அனுமதிக்கப்பட்டது. 2019 பெப்ரவரியிலேதான் கிழமைதோறும் பேசலாம் என்ற தளர்வு வந்தது.

பயிற்சி முடிந்தும் அனுமதி வராதோர் பலர். அவர்களைத் தற்காலிகமாகத் தம் நாட்டிலேயே ஏதேனுமொரு தூதகத்துக்கு அனுப்பிவைப்பது வழக்கம். பிறேசிலுக்கெனப் போர்த்துக்கேயம் கற்றவர் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றிலே ஆங்கிலத்தில் வீடு வீடாகப் போதிப்பார். இரவிலே இலக்கணப் புத்தகத்தைத் திறந்து, கற்ற சொற்கள் மறவாதிருக்கப் படிப்பார். இந்நிலையின் துன்பம் வெளிப்பார்வைக்குப் புலப்படாது. ஊரார் அவரை அயல்நாடு சென்றவராகவே எண்ணி வழியனுப்பினர்; அவரோ இன்னும் அண்டை மாநிலத்தில் இருக்கிறார். நாளை வரும் என்று நம்பிய கடிதம் மறுவாரமும் வருவதில்லை. இரண்டாண்டு என்னும் கணக்கோ அவருக்காக நின்று காத்திருப்பதில்லை. அனுமதி வருமுன் கழியும் ஒவ்வொரு நாளும் அதிலிருந்தே குறைகிறது. இருக்கும் இடத்தையே தமக்குக் குறிக்கப்பட்ட இடமாகக் கருதி உழைப்பதா, போகவேண்டிய இடத்தை எண்ணி மனத்தை அங்கே வைத்திருப்பதா என்பதே அவர் முன்னுள்ள கேள்வி. முன்னையதைச் செய்ய வல்லவருக்கு அந்நாட்கள் பணியாகின்றன. அது முடியாதவருக்கு அவை பாரமாகின்றன.

2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று இவ்வரலாற்றில் ஒரு புதிய திருப்பம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் புறோவோ நிலையம் புதியோரை ஏற்பதை நிறுத்திற்று. பல நாடுகளிலிருந்து தூதர் பல்லாயிரவர் தாய்நாட்டுக்கு மீட்டழைக்கப்பட்டனர். புதிதாக அழைக்கப்பட்டோர் தம் வீட்டு அறைகளில் இருந்தவாறே, கணினித் திரைவழி மொழி கற்றனர். ஒரே கூரையின் கீழ் தாய் சமையல் செய்ய, தம்பி தங்கையர் ஓடியாட, ஒருவர் மட்டும் தூதருக்குரிய கால அட்டவணையைக் கைக்கொண்டு வாழ்ந்தார். 2021 ஜூனில் நிலையம் மீண்டும் திறந்தபின்னும், பயிற்சியின் முதற் பகுதியை வீட்டிலேயே தொடங்கும் முறை நிலைத்துவிட்டது. மறுபடியும் ஒரு தடையே ஒரு முறையைத் தந்தது.

இவ்வரலாற்றை நோக்கும் நாம், அச்சபையின் கொள்கைகளை ஏற்பதும் மறுப்பதும் வேறு விடயம். ஓர் உண்மை எல்லார்க்கும் பொதுவானது. 1853இல் சென்னைக்கும் இலங்கைக்கும் வந்தோரிடம் துணிவு குறைவாக இருந்ததில்லை. வீடு, மனைவி, மக்கள் யாவற்றையும் விட்டு அவர்கள் உலகின் மறுபாதியைக் கடந்து வந்தனர். பலன்ரைன் மீண்டும் சோல்ற் லேக் நகரை அடைந்தது 1855 செப்டெம்பரிலே; ஏறத்தாழ மூன்றாண்டு அவர் குடும்பமும் காத்திருந்தது. அவ்வளவு பெரிய தியாகத்துக்குத் துணையாக, மொழியறிவு என்னும் சிறிய கருவி அவர்களிடம் இருக்கவில்லை. நூறாண்டின்பின் வந்த இளைஞர் அத்துணை இடர்ப்படவில்லை. ஆயினும் ஓர் அலுவலகத்திலே தேங்கிக்கிடந்த பத்திரத்தால் அவர்களுக்குக் கற்க நேரம் கிடைத்தது. பிறருக்குச் சொல்லச் செல்பவர் முதலில் அப்பிறர் மொழியைக் கேட்டுப் பழகல் வேண்டும். அதற்கு வேண்டிய காலத்தை ஆர்வமுடையோர் தாமாக ஒதுக்குவது அரிது. காத்திருக்க நேர்ந்தமையே அவர்களுக்கு அக்காலத்தை ஒதுக்கிக் கொடுத்தது.